அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார்

கேள்வி:

வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு வயது 79. என் மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கொள்ளுப்பேரனோடு சில மாதங்கள் இருந்துவிட்டு வரட்டும் என்று அப்பாவுக்கு விசா கேட்டோம். போலீஸ் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஸ்டேஷனில் பத்து விரலிலும் மை வைத்தபோது அப்பாவின் கை நடுங்கியது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். காரணம் எனக்குப் புரியவில்லை. சான்றிதழ் வந்த பிறகுதான் புரிந்தது. “பாலியல் குற்றங்கள் சட்டம் 1957, பிரிவு 16, டர்பன், 1968, ஆறு மாதச் சிறை, மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்திவைப்பு” என்று அதில் இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. அப்பாவிடம் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அவள் வெள்ளைக்காரி” என்று மட்டும் சொன்னார். இந்தப் பதிவை நீக்க ஒரு படிவம் உண்டாம். அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். “நான் ஒரு தப்பும் செய்யவில்லை. இவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்க மாட்டேன்” என்கிறார். நான் என்ன செய்வது? பதிவு நீங்கிவிட்டால் விசா விண்ணப்பத்தில் இதைச் சொல்லாமல் விடலாமா? அந்தப் பெண்மணியின் பெயரிலும் இப்படி ஒரு பதிவு இருக்குமா?

பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சட்டத்தின் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என் வயிற்றைப் பிசைந்தது அதுதான். “பாலியல் குற்றங்கள்” என்று படித்த நொடியில் பெற்ற தகப்பனைப் பற்றி உங்கள் மனம் எங்கெல்லாம் போய் வந்திருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. உங்கள் அப்பாவைத் தண்டித்தபோது அந்தச் சட்டத்துக்கு அந்தப் பெயரே கிடையாது. அன்று அதன் பெயர் ஒழுக்கக்கேட்டுச் சட்டம். 1957-ஆம் ஆண்டின் 23-ஆம் எண் சட்டம் அது. 1988-இல்தான் பாலியல் குற்றங்கள் சட்டம் என்று பெயரை மாற்றினார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1985-இல், 16-ஆம் பிரிவை நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. அந்தப் பிரிவு ஒழிந்த பிறகு சட்டத்துக்குச் சூட்டிய பெயரைக் கொண்டுவந்து உங்கள் அப்பாவின் தலையில் ஒட்டியிருக்கிறார்கள். விசா அலுவலகத்தில் அந்தத் தாளைப் புரட்டும் ஒருவர் அவரைப் பற்றி என்ன நினைப்பார்? இந்த ஒரு காரணத்துக்காகவாவது அந்தப் பதிவு போயாக வேண்டும்.

16-ஆம் பிரிவு சொன்னது இதுதான். வெள்ளையர் ஒருவரும் வெள்ளையர் அல்லாத ஒருவரும் உடலுறவு கொண்டால் குற்றம், முயன்றாலும் குற்றம். ஏழு ஆண்டுகள் வரை சிறை. இருவருக்கும் சம்மதமா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. நிறத்தை மட்டுமே கேட்டது. 1927-இல் முதல் சட்டம் வந்தபோது தடை வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையில் மட்டுமே இருந்தது. 1950-இல் திருத்தம் கொண்டுவந்து இந்தியர்களான நம்மையும் கலப்பினத்தாரையும் உள்ளே இழுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, 1949-இல், கலப்பு மணத் தடைச் சட்டம் வந்துவிட்டது. 22 வயது இளைஞன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளவும் வழியில்லை, செய்துகொள்ளாமல் அவளோடு வாழவும் வழியில்லை. போலீஸ்காரர்கள் இரவில் ஜன்னலில் ஏறி எட்டிப் பார்த்தார்கள். கதவை உடைத்து உள்ளே வந்து, படுக்கையில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதையே மாஜிஸ்திரேட் முன் சாட்சியமாகச் சொன்னார்கள். உங்கள் அப்பா ஐம்பத்தேழு ஆண்டுகளாக வாய் திறக்காமல் இருந்ததற்குக் குற்ற உணர்ச்சிதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி ஓர் இரவை ஒருவர் தன் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வார்?

இனி அவருடைய மறுப்புக்கு வருகிறேன். அவர் சொல்வது சரி. மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்கவும் வேண்டாம். நம் நாட்டில் மன்னிப்பு என்பது குடியரசுத் தலைவர் அரசமைப்புச் சட்டத்தின் 84-ஆம் பிரிவின்படி தருவது. குற்றம் செய்தவருக்குக் காட்டும் கருணை அது. உங்கள் மேசையில் கிடக்கும் படிவத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. 2008-ஆம் ஆண்டின் 65-ஆம் எண் சட்டம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சில பிரிவுகளைப் புதிதாகச் சேர்த்தது. 2009 முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் 271C என்ற பிரிவு, இனஒதுக்கல் சட்டங்களின் கீழ் விதித்த தண்டனைகளின் பதிவைப் போலீஸின் குற்றப்பதிவு மையம் தானாகவே நீக்க வேண்டும் என்கிறது. “தானாகவே” என்பது சட்டத்தில் இருக்கும் சொல். உங்கள் அப்பா கேட்காமலே, கையெழுத்துப் போடாமலே நடந்திருக்க வேண்டிய வேலை இது. அரசு செய்யவில்லை. பழைய தண்டனைகள் அட்டைகளிலும் கைரேகைத் தாள்களிலும் கிடந்து, பல ஆண்டுகள் கழித்துக் கணினியில் ஏறியவை. யாரோ சட்டத்தின் புதுப் பெயரை மட்டும் பார்த்து, பிரிவு எண்ணைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

தானாக நீங்காத பதிவுக்குத்தான் அந்தப் படிவம். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவனுக்கு அனுப்பும் நோட்டீஸ் போன்றது. “உன் சட்டம் உனக்கு இட்ட வேலையை நீ செய்யவில்லை, செய்” என்று அதில் கையெழுத்திடுகிறோம். இதை அப்பாவிடம் இப்படியே படித்துக் காட்டுங்கள். என் அனுபவத்தில் அவருடைய தலைமுறை மனிதர்கள் கெஞ்சத்தான் மறுப்பார்கள். கணக்குக் கேட்கத் தயங்க மாட்டார்கள். இதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனால், “தீர்ப்பு வந்து பத்து வருடம் ஆகிவிட்டதா? அப்படியானால் இதை நிரப்புங்கள்” என்று வேறொரு படிவத்தை நீட்டுவார்கள். அது 271B பிரிவுக்கானது. சிறு திருட்டு, அடிதடி போன்றவற்றில் தண்டனை பெற்று, பத்து ஆண்டுகள் ஒழுங்காக இருந்தவர்களுக்கானது அது. அதன் வழியாகவும் பதிவு நீங்கக்கூடும். ஆனால் உங்கள் அப்பா நிற்க வேண்டிய வரிசை அதுவல்ல. திருந்தியவர் என்ற சான்று அவருக்குத் தேவையில்லை. 271C பிரிவுக்கான படிவம்தான் வேண்டும் என்று அழுத்திக் கேளுங்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் கிடைக்கும், நீதித் துறையின் இணையத்தளத்திலும் இருக்கிறது. அடையாள அட்டையின் சான்றிட்ட நகலையும், இப்போது கையில் இருக்கும் போலீஸ் சான்றிதழையும் இணைத்து, பிரிட்டோரியாவில் உள்ள நீதித் துறைத் தலைமை இயக்குநருக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. அவர் தரும் நீக்கச் சான்றிதழ் குற்றப்பதிவு மையத்துக்குப் போக வேண்டும். மையம் பதிவை நீக்கிவிட்டதாக எழுத்தில் உறுதி தரும்வரை விடாதீர்கள். அந்தக் கடிதம் கைக்கு வராமல் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். 1968-ஆம் ஆண்டு வழக்கின் தாள்கள் நீதிமன்றக் காப்பறையிலோ டர்பன் ஆவணக் காப்பகத்திலோ இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காமலும் போகலாம், ஆனாலும் கேளுங்கள். பதிவை நீக்குவது என்றால், நமக்கு இழைத்த அநியாயத்துக்கான சாட்சியையும் சேர்த்து நீக்குவது. எங்கள் ஆயா 1946-இல் டர்பனில் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் மூலையில், வெள்ளையருக்கென்று ஒதுக்கிய நிலத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர்களில் ஒருவர். இந்தியர் நிலம் வாங்குவதற்கும் குடியிருப்பதற்கும் கட்டுப்பாடு போட்ட ஆசியர் நில உரிமைச் சட்டத்தை எதிர்த்து, நம் தலைவர்கள் டாக்டர் மான்டி நாயக்கரும் டாக்டர் தாதுவும் நடத்திய சத்தியாக்கிரகம் அது. ஏறக்குறைய 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். ஆயாவுக்கு முப்பது நாள். அவர் விடுதலையான தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். கீழ் ஓரத்தில் சிறைக் கண்காணிப்பாளரின் கையெழுத்தில் மை கொஞ்சம் சிந்தியிருக்கும். சின்ன வயதில் நான் அதை ஒரு பறவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் அதே அரசின் தண்டனைத் தாள் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு கண்ணாடிச் சட்டமும் இல்லை, ஆணியும் இல்லை. நிலத்துக்காகச் சிறை போனவரை ஊர் தோளில் தூக்கியது. ஒரு பெண்ணை நேசித்ததற்காகக் கூண்டில் நின்றவரைப் பற்றி ஊர் குசுகுசுத்தது. இதில் நம் சமூகத்துக்கும் பங்கு உண்டு. வெள்ளைக்காரியோடு போனவன் என்று நாமே பேசினோம். அந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான் உங்கள் அப்பா உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். சொல்லியும் இருக்கலாம். அது அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த விஷயம்.

விசாவைப் பற்றி. இதில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலிய விண்ணப்பங்களில் நடத்தை பற்றிய கேள்வி, அதிகாரபூர்வப் பதிவிலிருந்து இப்போது நீக்கப்பட்ட தண்டனைகளையும் சேர்த்தே கேட்கிறது. நம் ஊர்ப் பதிவு நீங்கினாலும் அங்கே “ஆம்” என்றுதான் எழுத வேண்டும். மறைத்து எழுதிப் பிறகு தெரியவந்தால், தண்டனையைவிட அந்தப் பொய்தான் பெரிய தடையாக நிற்கும். “ஆம்” என்று எழுதுவதில் பயப்பட எதுவும் இல்லை. அங்கே கடுமையாகப் பார்ப்பது பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர்களை. அப்பாவுக்கு ஆறு மாதம், அதுவும் நிறுத்திவைத்தது. கூடவே ஒரு பக்கக் கடிதம் இணையுங்கள். 16-ஆம் பிரிவு எதைக் குற்றமாக்கியது, அது 1985-இல் ஒழிக்கப்பட்டது, சட்டத்தின் பெயர் 1988-இல் மாறியது, 2008 சட்டம் அந்தப் பதிவை நீக்கச் சொல்கிறது என்ற நான்கும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். நீக்கச் சான்றிதழின் நகலையும் வையுங்கள். பெர்த்தில் பதிவு பெற்ற குடியேற்ற முகவர் ஒருவரிடம் உங்கள் மகள் அதைக் காட்டிவிடட்டும்.

விசா விண்ணப்பத்தில் இருக்கும் அந்தக் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். நீக்கப்பட்ட தண்டனை என்றால், பதிவு இல்லை, தண்டனை மட்டும் இன்னும் இருக்கிறது என்று பொருள். எனக்கு நெடுநாளாக இருக்கும் மனக்குறை இதுதான். தாளை அழிக்கிறோம், தீர்ப்பை அப்படியே விட்டுவைக்கிறோம். ஒரு சட்டத்தை ஒழித்தால் அதன் கீழ் முன்பு விதித்த தண்டனைகளும் விழுந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். விழாது. 1957-ஆம் ஆண்டின் சட்டப் பொருள்கோள் சட்டம் 12-ஆம் பிரிவில் அதைச் சொல்லியே வைத்திருக்கிறது. அதனால்தான் 1985-இல் பிரிவு ஒழிந்தும் 2009 வரை உங்கள் அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழி பிறக்கவில்லை. நீதிமன்றம் ஒரு குற்றத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும் கதை ஏறக்குறைய அதேதான். ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய விதியை அரசமைப்பு நீதிமன்றம் 1998 அக்டோபர் 9-இல் அடித்து வீழ்த்தியது. மிகச் சிறந்த தீர்ப்பு. ஆனால் அதன் பலன், இடைக்கால அரசமைப்பு நடைமுறைக்கு வந்த 27 ஏப்ரல் 1994-க்கு முன்னால் போகவில்லை. அதற்குப் பின் தண்டனை பெற்றவர்களிலும், மேல்முறையீட்டு வழி இன்னும் திறந்திருந்தவர்களுக்கே அது எட்டியது. எழுபதுகளில் தண்டனை பெற்ற ஒருவர் அந்தத் தீர்ப்பைப் படித்து மகிழலாம், தன் பெயருக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. பின்னோக்கிப் போய் அநியாயத் தீர்ப்புகளைச் செல்லாதவை ஆக்க வேண்டுமென்றால் அதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும்.

செய்த நாடுகள் இருக்கின்றன. ஜெர்மனி 2017-இல், ஆண்களுக்கு இடையிலான உறவுக்காகப் போருக்குப் பிறகு விதித்த தண்டனைத் தீர்ப்புகளைச் சட்டத்தாலேயே ரத்து செய்தது. ஒரு தீர்ப்புக்கு 3,000 யூரோ, சிறையில் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,500 யூரோ இழப்பீடு என்று விதித்தது. பணம் குறைவுதான். ஆனால் “ரத்து” என்ற சொல்லை அவர்கள் எழுதினார்கள். கனடாவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு நீக்கம் பெற்றவர் ஒருபோதும் தண்டிக்கப்படாதவராகவே கருதப்படுவார் என்கிறது. இறந்தவருக்காக அவருடைய கணவனோ மனைவியோ பிள்ளையோ உடன்பிறந்தவரோ விண்ணப்பிக்கலாம். அதே ஆண்டு நியூசிலாந்தும் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அந்த வாசலைத் திறந்தது. மூன்று நாடுகளும் முதலில் செய்தது ஒரே வகைக் குற்றத்துக்கு. நம் நாட்டிலோ, ஆப்பிரிக்கர் சொந்த நாட்டுக்குள் நடமாடவே அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற ‘பாஸ்’ சட்டங்களின் கீழ் மட்டும் 1916 முதல் எழுபது ஆண்டுகளுக்குள் ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைப் பிடித்து வழக்குப் போட்டார்கள். 1986-இல் அந்தச் சட்டங்களை ஒழித்தபோது அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்? இறந்தவர்களுக்கு யார் படிவம் நிரப்புவது? 1913 போராட்டத்தில் மூன்று மாதக் கடுங்காவல் பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரி 22-இல் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மைக்கு யார் கையெழுத்துப் போடுவது? நாம் அவளுக்குச் சிலை வைத்தோம், பாட்டுக் கட்டினோம். நம் நாடாளுமன்றம் ஒரே வரியில், “இனத்தின் பெயரால் விதித்த இந்தத் தண்டனைகள் எந்நாளும் செல்லாதவை” என்று எழுதினால், உயிரோடு இருப்பவர், இறந்தவர் என்ற பேதமில்லாமல் அது எல்லோரையும் எட்டும். அதை நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

அந்தப் பெண்மணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியதே எனக்கு நிறைவாக இருந்தது. 16-ஆம் பிரிவு இருவரையும் தண்டித்தது. அவர் பெயரிலும் ஒரு பதிவு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் தானாக நீங்கியிருக்க வேண்டிய பதிவுதான். அவருக்காக நீங்களோ அப்பாவோ விண்ணப்பிக்க முடியாது. தண்டிக்கப்பட்டவர்தான் கேட்க வேண்டும். அவரைத் தேடிப் போகவும் வேண்டாம். அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கலாம், அங்கும் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். அப்பாவுக்கு அவர் இருக்குமிடம் தெரிந்து, சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவரே விரும்பினால், 271C என்று ஒரு பிரிவு இருக்கிறது என்ற செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. பதிவு நீங்கியதும் விசாவுக்குப் புதிய போலீஸ் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதற்கு மறுபடியும் பத்து விரல் ரேகை கேட்பார்கள். இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஸ்டேஷனில் போய்த் தெரிய வேண்டாம். பத்து விரல் என்பது நமக்குப் பழைய காயம். 1907-இல் டிரான்ஸ்வாலில் ஆசியர் எல்லோரும் ரேகை பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது, காந்தியின் தோழர் தம்பி நாயுடுவும் அவரோடு நின்ற தமிழர்களும் பதியாமல் சிறைக்குப் போனார்கள். 1908 ஆகஸ்ட் 16-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஹமீதியா மசூதி வாசலில் பதிவுச் சான்றுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அப்பாவின் கை நடுங்கியதென்றால், 1968-இல் அவர் விரலைப் பிடித்து உருட்டிய கை இன்னும் அவருக்கு நினைவிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு ஈரத் துணியும் கொஞ்சம் சோப்பும் கைப்பையில் எடுத்துப் போங்கள். வீடு வரும்வரை அந்த மை அவர் கையில் இருக்க வேண்டாம்.